நாங்கள் மறித்த ஆறு

போன கிழமை பெய்த மழையில் எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பழைய சணல் சாக்குகளில் மண்ணை நிரப்பித் தன் கேற் வாசலில் அடுக்கினார். மறுநாள் வெயில் எறித்தது. நனைந்த சாக்கு வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். கொஞ்சம் மாட்டுத்தொழுவம், கொஞ்சம் பழைய அரிசி, கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு. அதை நல்ல மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் மனைவி யன்னலைச் சாத்தினாள். நான் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். "என்ன, அங்கை படமே ஓடுது?" என்று கேட்டாள். ஓடத்தான் செய்தது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டிக்கொள்வார்கள். பனியும் மழையும் செடியின் கீறலும் உடம்பில் படாமல் இருக்க. அதற்குப் படங்கு என்று பெயர். மழை நாளில் ஐம்பது படங்கு என்னுடைய டிஸ்பென்சரிக்குள் வந்து நின்றால் அந்த மணத்துக்கு முன்னால் என் பினாயில் தோற்றுப்போகும். வடக்கே வடமராட்சியிலிருந்து புதிதாய் வந்த எனக்கு முதல் மாதம் சோறு இறங்கவில்லை. ஆறாம் மாதம் அந்த மணம் இல்லாவிட்டால், இன்றைக்கு ஆட்கள் வரவில்லையே, தோட்டத்தில் என்ன நடந்தது என்று கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.

நமுனுகுல மலையின் அடியில் இருந்தது அந்தத் தோட்டம். பெயர் வேண்டாம். ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே வெறும் மருந்து கலக்கிக் கொடுப்பவன். ஆனால் லயம் என்ற வரிசை அறைகளில் குடியிருந்த சனங்கள் "டாக்டர் ஐயா" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலிரண்டு நாள் மறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்கப் பழகிவிட்டேன். மனிதனுக்கு இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

தோட்டத்தில் முக்கால்வாசிப் பேரும் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் உரியவர்கள். வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் நாலு பிரிவு இருந்தது. தொழிற்சாலைக்குக் கீழே வளைவில் கல்லால் கட்டிய சின்னக் கோயில் அங்கிலிக்கன்காரருடையது. அந்தோனியார் சுரூபத்துக்குத் தகரம் போட்ட கொட்டகை கத்தோலிக்கருடையது. மேல்லயத்தின் கடைசிக் காம்பராவில் கைத்தாளமும் கஞ்சிராவுமாகக் கூடியவர்கள் அப்போதுதான் புதிதாக வந்திருந்த பெந்தெகோஸ்தேக்காரர். மற்றவர்கள் அவர்களை அல்லேலூயாக்காரர் என்பார்கள். நாலாவது மெதடிஸ்த சபை. அதில் நான் ஒருவன்தான். ஆகையால் எங்கள் சபைக்குள் ஒருநாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

அந்த நாளில் கொழும்பில் பெரியவர்கள் கூடிக் கூடி, சபைகளையெல்லாம் எப்படி ஒன்றாக்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதுளைக் கோயிலில் அதைப் பற்றிப் பிரசங்கமும் கேட்டிருக்கிறேன். நல்ல பிரசங்கம்தான். ஆனால் தோட்டத்தில் நிலைமை வேறு. கத்தோலிக்கர் எங்கள் கோயில்களுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று அவர்களுடைய சாமியார் கட்டளை போட்டிருந்தார். மழைநீர் ஓடக் கான் வெட்டும் ஆட்களை மேய்த்த சவரிமுத்து கங்காணி, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணமென்றாலும் அங்கிலிக்கன் கோயிலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே பாட்டுப் பாடினால் வெளியே நின்று தாளம் போடுவார். "காலத்தானே வைக்கக்கூடாதுன்னாங்க, கைய ஒண்ணும் சொல்லலியே" என்பார்.

அல்லேலூயாக்காரருக்குப் பண்டாரவளையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாஸ்டர் வருவார். யோசுவா என்று பெயர். இளவயது. ஊழியத்துக்கு வருமுன் பஸ் கொண்டக்டராக இருந்தவர். "முன்னால போங்க, முன்னால போங்க" என்று கூவிய அதே குரலில்தான் ஜெபமும் செய்வார். எனக்கும் அவருக்கும் ஆகாது. மருந்து விசுவாசக் குறைவு என்று அவர் சொல்லுவார். அவர் வந்து போன மறுநாள் என் டிஸ்பென்சரியில் கூட்டம் குறைந்துவிடும். அடுத்த நாள் வியாதி முற்றி இரண்டு மடங்காக வரும்.

அங்கிலிக்கன் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். ஞானமுத்து என்று பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அவர் உபதேசியார்தான். ஒல்லியான, வெள்ளைக் கோட்டுப் போட்ட, கோபத்தைக் காட்டாத மனிதர். அவருடைய அப்பாவும் அதே கோயிலில் உபதேசியாராக இருந்தவர். குருவானவர் பதுளையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும், நோயாளி வீட்டுக்குப் போவதும், மணி அடிப்பதும் இவரே. அவருடைய மனைவி எஸ்தரம்மா பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளையெல்லாம் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறவர் அவர்தான். தோட்டத்தில் அந்த அம்மா கையில் தூங்காத பிள்ளை கிடையாது.

இந்த எஸ்தரம்மாதான் ஒருநாள், தான் மேல்லயத்துக் கூட்டத்தில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

ஊர் ரெண்டுபட்டது என்று சொல்லமாட்டேன். உபதேசியார் வீடு ரெண்டுபட்டது. அவர் மனைவியோடு பேச்சை நிறுத்திவிட்டார். சமைத்து வைத்ததைச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், கோயிலுக்குப் போய்விடுவார். ஒருமுறை இருமலுக்கு மருந்து வாங்க வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். "இவ பச்சப்புள்ளையா இருக்கையில ஞானஸ்நானம் குடுத்தப்போ, பாதிரி ஐயாவுக்குத் தண்ணி ஏந்துனவரு எங்கப்பாங்க. மறுபடியும் எடுத்தா அன்னைக்கு நடந்தது பொய்யின்னுதானே அர்த்தம்? எங்கப்பா ஏந்துனது வெறும் தண்ணியா?"

நான் இதை மெல்ல எஸ்தரம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. "பொய்யின்னு நான் சொல்லலீங்க டாக்டர் ஐயா. எனக்கு ஞாபகமில்ல, அவ்வளவுதான். ஒரு தடவ நானாத் தெரிஞ்சு செய்யணும்" என்றார். இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. மெதடிஸ்தர்களுடைய பலவீனமே அதுதான்.

இதற்குள் வேறொரு சங்கடம். எஸ்தரம்மாவுக்குக் கழுத்தில் கழலை. அந்த மலைப்பக்கத்தில் நிறையப் பேருக்கு இருந்தது. ஆனால் இவருடையது வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்கத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். நான் பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதி, பெரிய டாக்டரிடம் காட்டி, வெட்டி எடுக்க ஒரு திங்கட்கிழமை வரச்சொல்லியும் ஆகிவிட்டது. தவறவிட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு காலம் அந்த மூச்சு தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எஸ்தரம்மா மறுத்துவிட்டார். "கத்திக்குப் போய் நான் திரும்பலைன்னா? முங்கி எழுந்திரிச்சாத்தான் போவேன்" என்றார்.

வேறு வழியில்லாமல் பாஸ்டர் யோசுவாவைத் தேடிப் பண்டாரவளைக்குப் போனேன். மருந்து கூடாது என்பவரிடம் ஆபரேஷனுக்கு ஆதரவு கேட்கப் போன என் நிலையை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போதே வாதங்களை அடுக்கிக்கொண்டு போனேன். அவருடைய அறையில் ஒரு பெஞ்சும் ஒரு பானையும் தவிர ஒன்றுமில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். பிறகு, "கர்த்தரு நினைச்சா கத்தியையும் கையில எடுப்பாருங்க. ஞாயித்துக்கெழம வந்து முழுக்குக் குடுக்குறேன். திங்கக்கெழம நானே அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றார். நான் அடுக்கிக்கொண்டு போன வாதமெல்லாம் வீணாயிற்று. அன்றைக்கு அவர் கொடுத்த தேநீரைப்போல ஒன்றை நான் பிறகு குடித்ததில்லை.

ஆனால் முழுகுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. அது கச்சான் காற்றுக் காலம். எங்கள் ஊவாப் பக்கம் கச்சான் அடித்தால் மழை மேற்கே நின்றுவிடும், எங்களுக்குக் காற்று மட்டும்தான். மானாப்புல் கருகி மலைச்சரிவெல்லாம் புகை மணக்கும். தோட்டத்து ஆறு கொலுசு நனையாத அளவுக்கு வற்றிக் கிடந்தது. பாஸ்டர் வழக்கமாக முழுக்குக் கொடுக்கும் இடத்தில் கோழி மேய்ந்தது.

இந்தக் கவலையை நான் சொல்லப்போனது சவரிமுத்து கங்காணியிடம். தண்ணீர் விஷயம் அவரிடம்தான் கேட்கவேண்டும். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "காலம் பூரா தண்ணிய ஓட்டிவிட்டே வயித்தக் கழுவுனவன் நான். நிப்பாட்டிப் பார்த்ததில்ல" என்றார். பிறகு, "உபதேசியார் வீட்டம்மாதான் எங்க புள்ளைங்க அஞ்சையும் ஆட்டித் தூங்க வச்சது" என்றார். "உங்கட சாமியார் ஒண்டும் சொல்லமாட்டாரே?" என்று கேட்டேன். "அவுங்க கோயிலுக்குள்ள போகாதன்னாரு. ஆறு யாரு கோயிலுங்க?"

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கான் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். அநேகமாக எல்லோரும் கத்தோலிக்கர். ஆற்றின் நெருக்கமான இடத்தில் கல்லை அடுக்கினார்கள். புற்கட்டி வெட்டிச் சொருகினார்கள். அங்கிலிக்கன் குடும்பத்துப் பெண்கள் சாக்கில் மண் அள்ளி வந்தார்கள். உபதேசியாருக்குத் தெரியாமல்தான், ஆனால் வந்தார்கள். நானும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கல் தூக்கினேன். என் கையில் கல்லைக் கண்டதும் கங்காணி, "ஐயா, நீங்க அந்தப் பக்கமா நின்னு மருந்து குடுங்க" என்றார். எவ்வளவு அடைத்தாலும் கல்லிடுக்கால் தண்ணீர் ஒழுகியது. அப்போது ஒரு பெண் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து மடித்து அந்த ஓட்டையில் திணித்தாள். அவளுக்கு அந்தோனியாரும் கிடையாது, அல்லேலூயாவும் கிடையாது, மாரியம்மன்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். அந்திக்குள் ஒழுகல் நின்றது. அணைக்கட்டு முழுக்க ஈரச்சாக்கு மணந்தது. தோட்டத்தை நடத்திய துரையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்.

எல்லோரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் எல்லோரும் சேர்ந்து ஒன்றை மறக்கவும் செய்வார்கள். ஆற்றை முழுக்க மறித்தால் கீழ்லயத்துச் சனங்கள் குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் போகாது என்பது எங்கள் ஒருவர் மூளையிலும் தட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதுளையிலிருந்து குருவானவர் வந்து, அங்கிலிக்கன் கோயிலில் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாள் என்பதும் தட்டவில்லை. கோயிலுக்குத் தண்ணீர் அந்தப் பீலியிலிருந்துதான். இதை நினைவூட்டக்கூடிய ஒரே ஆள் உபதேசியார். அவரிடம்தான் நாங்கள் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை தண்ணீர் இடுப்பளவு நின்றது. மேல்லயத்தார் கைத்தாளத்தோடு வந்தார்கள். எஸ்தரம்மா வெள்ளைச் சேலையில் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாட்டுத் தொடங்கிய நேரம், கீழேயிருந்து ஒற்றையடிப் பாதையால் ஒருவர் ஏறி வந்தார். வெள்ளைக் கோட்டு. தோளில் கோயில் பித்தளைக் குடம். பாட்டு அப்படியே நின்றுவிட்டது.

உபதேசியார் அணையைப் பார்த்தார். படங்குகளைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"தண்ணிய யாரு மறிச்சது?"

"நாந்தாங்க" என்றார் சவரிமுத்து கங்காணி. "கீழ பீலி இருக்கிறத மறந்துட்டோம், உபதேசியார்."

உபதேசியார் கரையில் குந்திக் குடத்தை அமிழ்த்தி நிரப்பினார். தூக்கிக் கல்லின்மேல் வைத்தார். சுமையைத் தோளுக்கு மாற்றப்போகிறவர்போல நின்றாரே தவிர, மாற்றவில்லை.

பாஸ்டர் தண்ணீரில் இறங்கினார். எஸ்தரம்மாவையும் கைபிடித்து இறக்கினார்கள். அவர்கள் வழக்கப்படி ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்துத்தான் முழுக்குவார்கள். மரித்து அடக்கம்பண்ணப்படுவதற்கு அது அடையாளம். நான் கரையிலிருந்து, "பின்னாலை சாய்க்காதேங்கோ பாஸ்டர், கழலை மூச்சை அடைச்சுப்போடும்" என்று சொன்னேன். "வேற மாதிரி செய்ய எங்களுக்கு வழக்கமில்லீங்களே" என்றார் அவர். குரலில் கொண்டக்டர் இல்லை. எஸ்தரம்மாவே, "சாய்ங்க பாஸ்டர், பரவாயில்ல" என்றார். பாஸ்டர் மெல்லச் சாய்த்தார். பாதி சாயுமுன்பே எஸ்தரம்மாவுக்கு மூச்சு இழுத்தது. கண் பிதுங்கியது. இருமிக்கொண்டு பாஸ்டரின் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். அவர் பயந்து நிமிர்த்திவிட்டார். நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். போதும் என்றால் நாளைக்கு ஆஸ்பத்திரியும் இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

உபதேசியார் கோட்டைக் கழற்றினார். மடித்துக் குடத்தின்மேல் வைத்தார். வேட்டியோடு தண்ணீரில் இறங்கி நேரே போய், மனைவியின் பிடரியில் ஒரு கையைக் கொடுத்தார்.

"நேரா சாய்க்கக்கூடாதுங்க. எடது பக்கம் தலையத் திருப்பணும். ராத்திரியில இவ அப்படித்தான் சாஞ்சிருப்பா" என்று பாஸ்டரிடம் சொன்னார். தலையைத் திருப்பினார். எஸ்தரம்மாவின் மூச்சு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. உபதேசியார் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "ம், இப்பச் சொல்லுங்க" என்றார்.

பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னார். மூன்று பேரும் தாழ்ந்தார்கள். தண்ணீர் எஸ்தரம்மாவின் முகத்துக்கு மேலே மூடியது. உபதேசியாரின் கை முழங்கைவரை உள்ளே இருந்தது. உடனே தூக்கினார்கள். எஸ்தரம்மா இழுத்த மூச்சு கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய மூச்சைக் குழாய் வைத்துக் கேட்டிருக்கிறேன். அதைப்போல ஒன்று கேட்டதில்லை. நான் அழுதேன் என்று சொல்லிவிடுகிறேன். இனி எனக்கென்ன வெட்கம்.

எஸ்தரம்மா கணவனையே பார்த்தார். அவர், "போயி துணிய மாத்து. சளி புடிச்சா நாளைக்கு வெட்டமாட்டாங்க" என்றார். மாதக்கணக்குக்குப் பிறகு அவர் மனைவியோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிறகு ஈர வேட்டிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கங்காணி ஆட்களைப் பார்த்து, "ஒடச்சு விடுங்கடா, பீலிக்காரிங்க வந்து என்னைய முழுக்காட்டிறப் போறாளுங்க" என்றார். படங்குகளை இழுத்ததும் கல் சரிந்து தண்ணீர் உபதேசியார் பின்னாலேயே கீழே ஓடியது.

அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் கோயிலில் நாலு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. "உபதேசியார், வேட்டி ஏன் நனைந்திருக்கிறது?" என்று குருவானவர் கேட்டாராம். "தண்ணி எடுக்க ஆத்துக்குப் போனேங்க ஐயா" என்றாராம் இவர். குருவானவருக்கு மாலைக்குள் எல்லாக் கதையும் தெரிந்திருக்கும். தோட்டத்தில் எது தெரியாமல் போகும்? ஆனால் அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தப் பெரிய மனதுக்கும் நான் கடமைப்பட்டவன்.

திங்கட்கிழமை தோட்டத்து லொறியில் போனோம். பாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் பகல் முழுக்க உபதேசியாரும் அவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்தார். மற்றவர் கண்ணை மூடி வாயசைத்தார். நடுவில் உட்கார்ந்த நான் இரண்டுக்கும் ஆமென் சொன்னேன். கங்காணி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றியதாகப் பிறகு தெரிந்தது. எந்த ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் ஆராயப்போவதில்லை. எஸ்தரம்மா பிழைத்தார். குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்துப்போயிற்று. பிள்ளைகள் அந்தக் குரலுக்கும் தூங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் புருஷனும் பெண்சாதியும் ஒன்றாகத்தான் வீட்டை விட்டு இறங்குவார்கள். வளைவில் பிரிந்து அவர் கீழே கோயிலுக்கு, இவர் மேல்லயத்துக்கு. முடிந்ததும் யார் முந்தி வந்தாலும் அந்த வளைவில் நின்று மற்றவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தன் ஊரை விட்டு வந்த, தன் சபையில் ஒற்றை ஆளாய் இருந்த எனக்கு, அந்தத் தோட்டம் நாலு கோயிலையும் தந்தது. அதற்கான நன்றியை எந்தக் கோயிலில் போய்ச் செலுத்துவது என்று இன்றும் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனேன். ஆற்றை மேலேயே குழாயில் எடுத்துவிட்டார்கள். கல்லிடுக்கில் கொஞ்சம் ஈரம் மட்டும். அல்லேலூயாக்காரருக்கு மாபிள் பதித்த தொட்டியோடு மண்டபம் இருக்கிறது. கத்தோலிக்கருக்குக் கோபுரம் வைத்த கோயில். கல்லுக் கோயில் பூட்டியிருந்தது. பதுளையில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாச் சபையாரும் கூடி ஒற்றுமை ஆராதனை நடத்துகிறார்கள். யாரும் குடையோடு வெளியே நிற்பதில்லை. என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். எல்லாப் பேச்சாளரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். அது நல்லதுதான். அந்த நாளில் நாங்கள் ஏங்கியது அதற்குத்தான். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு வாகனத்தில் போய்விட்டோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

அதற்கு வெகு காலம் முன்பே, இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட்ட பிரஜாவுரிமைக் கணக்கில், உபதேசியாரும் எஸ்தரம்மாவும் இந்தியாவுக்கு உரியவர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய அப்பாக்களே இங்கே பிறந்தவர்கள். இருந்தும் போகத்தான் வேண்டியிருந்தது. பதுளை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். எஸ்தரம்மா பெட்டிக்குள் மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்று பிளாட்பாரத்தில் உபதேசியாரிடம் கேட்டேன். "அண்டைக்கு ஆத்துக்குள்ளை இறங்கினீங்களே, அந்த ஞானஸ்நானத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டிட்டீங்களோ?"

அவர் யோசிக்கவே இல்லை. "இல்லீங்க ஐயா. ஞானஸ்நானம் ஒண்ணுதான். எங்கப்பா தண்ணி ஏந்துனாரே, அதுதான்" என்றார். பெட்டிக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆனா அவளுக்கு அது வேணுமின்னா, அவ மூச்சு முட்டாம அது நடக்கணுமில்லீங்களா?"

ரயில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போயிற்று. ஒத்துப்போகாமலே தண்ணீருக்குள் இறங்கிய இன்னொரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.